பியரில் பழம்: இரண்டாம் நொதிப்பில் சேர்ப்பது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

மெல்பேர்னில் இருந்த காலத்தில் வீட்டில் பியர் காய்ச்சிப் பழகியவன் நான், இப்போது இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில். இங்கே மாம்பழம் மலியத் தொடங்கினால் போதும், கனடாவின் ஸ்கார்பரோவிலும் லண்டன் ஈஸ்ட்ஹாமிலும் இருக்கிற தம்பிமார், மச்சான்மார் எல்லோரும் வாட்ஸ்அப்பில் அதே கேள்விகளைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பியர் காய்ச்சவே தெரியாதவர்களுக்கு இது உதவாது. ஒன்றிரண்டு முறை காய்ச்சி, போத்தலில் அடைத்து, குடித்தும் பார்த்துவிட்டு "இதில் பழம் போட்டால் என்ன?" என்று யோசிக்கிறவர்களுக்குத்தான்.

இலங்கையில் வீட்டில் பியர் காய்ச்சலாமா?

இல்லை. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். சொந்தமாகக் குடிக்கத்தானே என்றால் மதுவரித் திணைக்களம் கேட்காது. பிரிட்டனில் 1963இலிருந்து வீட்டில் காய்ச்ச உரிமம் தேவையில்லை, அமெரிக்காவில் 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் மத்திய அளவில் வழிவிட்டது, ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் சொந்தப் பாவனைக்குச் செய்யலாம். ஆகவே கீழே வருவதெல்லாம் அந்த நாடுகளில் இருப்பவர்களுக்கு. கொழும்பில் இருப்பவர்களுக்கு என்று கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

பழத்தை ஏன் தொடக்கத்திலேயே போடக் கூடாது? எதற்கு இரண்டாம் நொதிப்பு வரை, அதாவது முதல் நொதிப்பு அடங்கும் வரை, காத்திருக்க வேண்டும்?

போடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் முதல் மூன்று நான்கு நாளில் ஈஸ்ட் கொதிக்கிற மாதிரி வேலை செய்யும்போது வெளியேறுகிற கரியமில வாயு பழத்தின் வாசத்தையும் கூடவே அள்ளிக்கொண்டு ஏர்லொக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடிக்குழாய்) வழியாகப் போய்விடும். அறை முழுக்க மாம்பழம் மணக்கும், கிளாஸில் ஒன்றும் இருக்காது. அறை மணக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், அது உங்கள் பியரிலிருந்து போன வாசம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் நொதிப்பு முடிந்த பியரில் நாலு ஐந்து சதவீதம் மதுசாரம் இருக்கும், புளிப்பைக் காட்டுகிற பிஎச் எண் நாலரைக்குக் கீழே இறங்கியிருக்கும், கசப்புக்குப் போட்ட ஹொப்ஸ் பூ வேறு இருக்கும். பழத்தின் தோலில் ஒட்டிக்கொண்டு வருகிற காட்டு ஈஸ்டுக்கும் பக்டீரியாவுக்கும் அது அவ்வளவு வசதியான இடம் இல்லை. காய்ச்சி ஆறவைத்த சீனிக் கரைசலில் அதே பழத்தைப் போட்டால் அவற்றுக்கு விருந்து.

சரி, சரியாக எப்போது போடுவது?

நுரை அடங்கி, ஹைட்ரோமீட்டர் (பியரில் சீனி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மிதவை) இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகு. சாதாரண ஏல் வகை பியர் என்றால் ஒரு கிழமைக்கும் இரண்டு கிழமைக்கும் இடையில் அந்த இடம் வரும். நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஸ்கார்பரோ நிலவறையில் குளிர்காலத்தில் காய்ச்சுகிறவருக்கு அதே ஈஸ்ட் இரண்டு மடங்கு நாள் எடுக்கும்.

இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றியே ஆகவேண்டுமா?

முன்பெல்லாம் எல்லோரும் மாற்றினார்கள், இப்போது பலர் அதே வாளிக்குள்ளேயே பழத்தைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் சரி. மாற்றும்போது காற்று உள்ளே போகும், காற்றுப் பட்ட பியர் ஒரு மாதத்தில் ஈர அட்டைப்பெட்டி மாதிரிச் சுவைக்கும், அதுதான் பயம். மாற்றுவதென்றால் பழக்கூழை முதலில் புதுப் பாத்திரத்தின் அடியில் போட்டுவிட்டு, குழாயின் நுனி கூழுக்குள் முட்டும்படி வைத்து, சளசளவென்று கொட்டாமல் பியரை மெல்ல இறக்குங்கள். பழச் சீனியால் மறுபடி நொதிப்பு தொடங்கும், அந்த வாயு மேலே இருக்கிற காற்றைத் தள்ளிவிடும். இதனால்தான் பழம் போடுகிற பியருக்கு மாற்றுவது மற்றவற்றைவிடக் கொஞ்சம் பாதுகாப்பு.

ஒரே வாளியில் செய்கிறவர்களுக்கு: கூழைக் குபீரென்று கொட்ட வேண்டாம். பியரில் ஏற்கனவே கரைந்திருக்கிற வாயு ஒரேயடியாகக் கிளம்பி நுரை தரையெல்லாம் ஓடும். கரண்டி கரண்டியாகப் போடுங்கள்.

எந்தப் பழம் நல்லது?

இதற்குத்தான் எல்லோரும் காத்திருப்பீர்கள். ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள்: ஈஸ்ட் பழத்தின் இனிப்பை முழுக்கச் சாப்பிட்டுவிடும். மிஞ்சுவது வாசமும் புளிப்பும் கொஞ்சம் துவர்ப்பும். ஆகவே "எந்தப் பழம் எனக்குப் பிடிக்கும்" என்று கேட்காமல், "சீனியை எடுத்துவிட்டால் இந்தப் பழத்தில் என்ன இருக்கும்" என்று கேளுங்கள்.

இந்தக் கேள்வியில் முதலாவதாகத் தேறுவது கொடித்தோடை, அதுதான் பாஷன் புரூட். நல்ல புளிப்பு, ஆளைத் தூக்குகிற வாசம், கொஞ்சம் போட்டாலே போதும். விதையோடு போட்டாலும் பரவாயில்லை, ஆனால் பிளெண்டரில் அடித்து விதையை உடைத்தால் கசப்பு இறங்கும். வடியில் போட்டுக் கரண்டியால் அழுத்தி எடுங்கள், மஞ்சள் சாறு இறங்கி விதை மேலே கறுப்பாக நிற்கும், அதுவே போதும்.

மாம்பழம் எல்லோருடைய ஆசையும். கறுத்தக்கொழும்பான் கிடைத்தால் அதைவிட வேறு வேண்டாம், வில்லாட்டும் பரவாயில்லை. வெளிநாட்டுக் கடையில் கிடைக்கிற, பார்க்க அழகான, நார் நிறைந்த பெரிய சிவப்பு மாம்பழத்தில் வாசமே இல்லை, அதில் காசைக் கரியாக்காதீர்கள். அதைவிடத் தமிழ்க் கடையில் விற்கிற டின் மாம்பழக் கூழ் எவ்வளவோ மேல். மாம்பழத்தின் குணம் மென்மையானது, அதனால் நிறையப் போட வேண்டும். மாம்பழ வாசம் அடிக்கிற சிட்ரா, மொசேக் போன்ற ஹொப்ஸைக் கடைசியில் சேர்த்துத் தூக்கிவிடுகிறவர்களும் உண்டு, நான் அந்தக் கட்சி.

அன்னாசி நல்லது, ஆனால் அதற்கு ஒரு சிக்கல் இருக்கிறது, கீழே சொல்கிறேன். பலாப்பழத்தை ஒருமுறையாவது முயன்று பாருங்கள். பழுத்த சுளையில் வாழைப்பழ வாசம் மாதிரி ஒன்று இருக்கிறதல்லவா, ஜேர்மன் முறைக் கோதுமை பியர் ஈஸ்டும் அதே வகை வாசத்தைத் தருவதால் இரண்டும் பிரமாதமாகச் சேரும். தேசிக்காய், தோடம்பழம் என்றால் சாறு வேண்டாம், மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவிப் போடுங்கள். வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும்.

இனி வேண்டாதவை. றம்புட்டான் சாப்பிடத்தான். மல்வானையிலிருந்து வருகிற அருமையான பழமாக இருந்தாலும் நொதித்த பிறகு தேடினாலும் கிடைக்காது. மங்குஸ்தானும் அப்படித்தான், அதிலும் தோல் கொஞ்சம் சேர்ந்துவிட்டால் நாக்கு ஒட்டுகிற அளவுக்குத் துவர்க்கும். தர்ப்பூசணி வெள்ளரிக்காய்த் தண்ணீர் ஆகும். விளாம்பழத்தை விரும்பிச் சாப்பிடுகிறவன்தான் நான், ஆனாலும் அந்த வாசம் பியரில் கெட்டுப்போன பாற்கட்டி மாதிரி வரும் என்பது என் கருத்து, கோபிக்க வேண்டாம். முள்நாறியை, அதாவது டூரியானை, பற்றிக் கேட்ட மச்சானுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன்.

எந்த பியரில் போடுவது?

கசப்புக் குறைந்த, நிறம் வெளுத்த கோதுமை பியர், புளொண்ட் ஏல், சேசோன் என்ற பெல்ஜிய வகை. புளிப்பும் கடும் கசப்பும் ஒரே வாயில் சண்டை பிடிக்கும், அதனால் கொடித்தோடையை மிகக் கசப்பான ஐபிஏ வகை பியரில் போடாதீர்கள். ஸ்டவுட் என்ற கறுப்பு பியருக்கு செரி, ராஸ்பெரி நன்றாகப் பொருந்தும், மாம்பழம் பொருந்தாது.

எவ்வளவு போட வேண்டும்?

கொட்டை, தோல் நீக்கிய எடையைச் சொல்கிறேன். கொடித்தோடைச் சாறு ஒரு லீற்றருக்கு 50 முதல் 100 கிராம். ராஸ்பெரி மாதிரி அழுத்தமானவை 100 முதல் 120. மாம்பழம், பீச், அன்னாசி 150 முதல் 250. பெல்ஜியத்தில் க்ரீக் என்று புளிச் செரி போட்ட லம்பிக் என்ற புளிப்பு பியர் செய்கிறார்கள், பழைய முறைப்படி செய்கிறவர்கள் லீற்றருக்கு 200 கிராமும் அதற்கு மேலும் போடுவது வழக்கம், அந்த பியர் குங்குமச் சிவப்பாக இருப்பது அதனால்தான். முதல்முறை குறைவாகப் போடுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம், போட்டதை எடுக்க முடியாது.

அண்ணா, மூன்று கிலோ மாம்பழம் போட்டேன், ஆனால் பியர் இனிக்கவே இல்லை. ஏன்?

மேலே சொன்னதுதான். பழத்தில் இருப்பது குளுக்கோஸ், பிரக்டோஸ், சுக்ரோஸ், மூன்றும் ஈஸ்டுக்குப் பிடித்தமானவை. மாம்பழம் இனிக்கும் என்று மூளை எதிர்பார்க்கிறது, வாசத்தை முகர்ந்துவிட்டு நாக்கில் இனிப்பு இல்லாதபோது வெறுமையாகத் தெரிகிறது. இதை முன்கூட்டியே யோசித்து அடிப்படை பியரைக் கொஞ்சம் தடிப்பாகச் செய்ய வேண்டும்: மோல்ட்டை, அதாவது முளைவிட்ட தானியத்தை, 67, 68 பாகை செல்சியஸில் ஊறவையுங்கள், ஈஸ்ட் தொடமுடியாத சீனிகள் கொஞ்சம் மிஞ்சும். கரமல் மோல்ட் சிறிது சேர்க்கலாம். சிலர் லக்டோஸ் போடுகிறார்கள், பால் சீனி, பியர் ஈஸ்டால் அதை உடைக்க முடியாது. பாலைக் குடித்தால் வயிறு குழம்புகிறவர்களுக்குக் கொடுக்கும்போது சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பழம் போட்டால் வெறி கூடுமா?

எல்லோரும் நினைக்கிற அளவுக்கு இல்லை. கணக்கைப் பாருங்கள். 5 சதவீத மதுசாரமுள்ள 20 லீற்றர் பியரில் 3 கிலோ மாம்பழக் கூழ். கூழில் சீனி கிட்டத்தட்ட 14 சதவீதம், அதாவது 420 கிராம். அதிலிருந்து வருகிற மதுசாரம் ஏறக்குறைய 270 மில்லிலீற்றர். ஆனால் பழத்தோடு இரண்டரை லீற்றர் அளவுக்குத் தண்ணீரும் வருகிறதே, ஆகவே கடைசியில் 5.6, 5.7இல் நிற்கும். ஸ்ட்ரோபெரி மாதிரி 5 சதவீதம் மட்டுமே சீனி உள்ள பழம் என்றால் பியர் நீர்த்து, இருந்ததைவிடக் குறைந்தே போகும்.

கழுவிவிட்டு அப்படியே போட்டால் போதாதா?

சிலருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. எனக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம். நான் செய்வது: பழத்தைத் தோல் சீவி வெட்டி உறையவைத்து, எடுத்து இளகவிட்டு, பாத்திரத்தில் 70 முதல் 75 பாகையில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, மூடி ஆறவிட்டு, பியரின் வெப்பநிலைக்கு வந்ததும் போடுவது. உறையவைப்பது கிருமியைக் கொல்லாது, இதைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். உறையும்போது பழத்தின் கலங்கள் கிழிந்து சாறு எளிதாக வெளியே வரும், அதற்குத்தான் அது. கொதிக்கவைக்க மட்டும் வேண்டாம். பழத்தில் இருக்கிற, ஜாமைக் கட்டியாக்குகிற பெக்டின் இறங்கி ஜாம் ஆகிவிடும், சுவையும் ஜாம் சுவையாகிவிடும்.

சூடு காட்டவே விருப்பமில்லாதவர்கள் கம்டன் மாத்திரை (சல்பைட்) போட்டு ஒரு நாள் மூடி வைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். ஆஸ்துமா இருக்கிறவர்களில் சிலருக்கு சல்பைட் ஒத்துக்கொள்ளாது, கவனம்.

டின் கூழ், கோடியல் (தண்ணீர் கலந்து குடிக்கிற பழப் பாகு), பெட்டி ஜூஸ் பாவிக்கலாமா?

டின் கூழ் தாராளமாக. ஏற்கனவே சூடாக்கப்பட்டது, திறந்ததும் ஊற்றலாம். சீனி சேர்த்ததா என்று லேபிளைப் பாருங்கள், பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள், அது கெடுதல் இல்லை, கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் அவ்வளவுதான். சிட்ரிக் அமிலமும் பிரச்சினை இல்லை. பொட்டாசியம் சோர்பேட், சோடியம் பென்சோவேட், அதாவது ஈ202, ஈ211 என்று இருந்தால் வாங்கிய கையோடு சர்பத் போட்டுக் குடித்துவிடுங்கள். ஈஸ்டை முடக்கத்தான் அவற்றைப் போடுகிறார்கள். இலங்கையிலிருந்து சூட்கேசில் கொண்டுபோகிற கோடியல் போத்தல்களிலும் இவை இருக்கலாம்.

அன்னாசி போட்டேன், பியரில் நுரையே நிற்கவில்லை.

பச்சை அன்னாசியில் புரோமிலேன் என்ற நொதியம் இருக்கிறது, புரதத்தை அறுக்கும். பியரின் நுரையைத் தாங்குவதே புரதம்தான். பச்சை அன்னாசி போட்டால் ஜெலி உறையாது, டின் அன்னாசி போட்டால் உறையும் என்பது அம்மாமாருக்குத் தெரியும், காரணம் ஒன்றே: சூட்டில் அந்த நொதியம் செத்துவிடும். ஆகவே அன்னாசியை நன்றாகச் சூடாக்கிவிட்டுப் போடுங்கள், 80 பாகை வரை போகலாம், அல்லது டின் வாங்குங்கள். பப்பாசியிலும் பப்பேன் என்று இதே மாதிரி ஒன்று. வேடிக்கை என்னவென்றால், குளிர்ந்தால் பியர் கலங்குகிறது என்று பெரிய ஆலைகளே ஒரு காலத்தில் பப்பேனை வேண்டுமென்று சேர்த்தன, அந்தப் பப்பேன் இலங்கைப் பப்பாசித் தோட்டங்களிலிருந்தும் ஏற்றுமதியானது.

எவ்வளவு நாள் ஊறவிடுவது? இடையில் என்ன பார்க்க வேண்டும்?

ஐந்து முதல் பத்து நாள். பாத்திரத்தில் கால்வாசியாவது வெறுமையாக விடுங்கள். பழத் துண்டுகள் மிதந்து மேலே மெத்தை மாதிரி கட்டும், வாயு அதைத் தள்ளிக்கொண்டே வந்து ஏர்லொக்கின் சின்ன ஓட்டையில் நாரை அடைத்துவிடும், அப்புறம் மூடி கூரையைத் தொடும். முதல் இரண்டு மூன்று நாளைக்கு ஏர்லொக்குக்குப் பதிலாகத் தடித்த குழாய் ஒன்றைப் பொருத்தி மறுமுனையைக் கிருமிநீக்கித் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். மேலே மிதக்கிற பழம் காய்ந்துபோனால் பூஞ்சணம் பிடிக்கும், தினமும் பாத்திரத்தை மெதுவாக ஒரு சுழற்று சுழற்றி நனையவிடுங்கள், மூடியைத் திறந்து கிண்ட வேண்டாம்.

வெள்ளையாகச் சுருக்கம் விழுந்த ஆடை படிந்தால் காட்டு ஈஸ்டோ பக்டீரியாவோ வந்துவிட்டது, பெரும்பாலும் புளிக்கும், குடித்துப் பார்த்து முடிவெடுக்கலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு மாதிரி முளைத்தால் யோசிக்காமல் ஊற்றிவிடுங்கள்.

தெளியவே மாட்டேன் என்கிறது.

பெக்டின். பழம் போடும்போதே பெக்டினேஸ் நொதியம் சேருங்கள், பழம் ஆறிய பிறகு, சூட்டில் அல்ல. முடிந்ததும் இரண்டு மூன்று நாள் பிரிட்ஜ் குளிரில் வைத்தால் வண்டல் இறங்கும். மாம்பழ பியர் கொஞ்சம் கலங்கலாக இருந்தால்தான் என்ன?

பெக்டினிலிருந்து மெதனோல் வரும் என்கிறார்களே, கண் போய்விடுமா?

இந்தப் பயம் நம் ஆட்களுக்கு வருவதில் ஆச்சரியமில்லை, கசிப்பு என்ற கள்ளச் சாராயம் குடித்துச் செத்த செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். பெக்டின் உடையும்போது மிகச் சிறிதளவு மெதனோல் வருவது உண்மை, சாதாரணப் பழச்சாற்றிலும் வைனிலும்கூட அது இருக்கிறது. நொதித்ததைச் சூடாக்கி ஆவியைச் சாராயமாக வடித்தால்தான் அது ஓரிடத்தில் திரளும், அதைவிடப் பெரிய ஆபத்து யாரோ தொழிற்சாலை மெதனோலைக் கலந்து விற்பது. பழ பியரை யாரும் அப்படிச் சாராயமாக வடிப்பதில்லை, வடிக்கவும் கூடாது.

போத்தல் வெடிக்குமா?

வெடிக்கும். மற்றப் பிழைகளில் பியர்தான் கெடும், இதில் கை கிழியும், கண் போகும், ஆகவே இதை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள்.

20 லீற்றர் பியருக்கு அளவாக வாயு ஏற்றப் போத்தலில் அடைக்கும்போது நாம் போடுகிற சீனி ஏறத்தாழ 120 கிராம். மேலே கணக்குப் போட்ட மூன்று கிலோ மாம்பழத்தில் இருந்தது 420 கிராம். அதில் பாதி நொதிக்காமல் மிச்சம் இருக்க, அவசரப்பட்டு அடைத்து, வழக்கமான 120 கிராமையும் போட்டால் போத்தலுக்குள் தேவையானதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சீனி இருக்கும். கண்ணாடி தாங்காது. அதுவும் குளிரான நிலவறையில் ஈஸ்ட் தூங்கிவிட்டதால் எண் அசையாமல் நிற்கும், போத்தலைச் சமையலறையின் சூட்டுக்குக் கொண்டுவந்ததும் விழித்துக்கொள்ளும்.

ஆகவே பழம் போட்ட பிறகு ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறையாவது ஒரே எண்ணைக் காட்ட வேண்டும், அந்த எண் பழம் போடுவதற்கு முன் இருந்ததற்குப் பக்கத்திலோ கீழேயோ இருக்க வேண்டும். பழம் போட்ட அன்றைக்கு அளக்காதீர்கள், சீனி இன்னும் பழத்துக்குள்ளேயே இருப்பதால் எண் பொய் சொல்லும். அடைக்கும்போது பழத் துண்டு எதுவும் போத்தலுக்குள் போகாமல் குழாயின் நுனியில் கொதிக்கவைத்த வலைத்துணியைக் கட்டுங்கள். தடித்த பியர் போத்தல்தான், ஜூஸ் போத்தல், சோஸ் போத்தல் வேண்டாம். கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் சோடாப் போத்தலையும் நிரப்பி வையுங்கள், அமுக்கிப் பார்த்தால் கல் மாதிரி இருந்தால் எல்லாவற்றையும் உடனே பிரிட்ஜில் வைத்துவிட்டு, நன்றாகக் குளிர்ந்த பிறகு துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து வாயுவை விடுங்கள்.

அப்போ கொழும்பில் இருக்கிறவர்கள் என்ன செய்வது?

நொதிக்க வைக்காதீர்கள், கலந்து குடியுங்கள். 21 வயது தாண்டியவர் கடையில் வாங்கிய குளிர்ந்த லாகர் பியரை கிளாஸில் ஊற்றி, வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய கொடித்தோடை ஒன்றை வெட்டி வடித்து ஒரு மேசைக்கரண்டி விட்டால் முடிந்தது, மதுவரித் திணைக்களத்துக்கு இதில் வேலை இல்லை. சாற்றை முதலில் விட்டு பியரைப் பிறகு ஊற்றுங்கள், மாறிச் செய்தால் நுரை மேசையில். வெளிநாட்டில் காய்ச்சுகிறவர்களுக்கும் இது நல்ல ஒத்திகை: அளந்த பியரில் அளந்த கூழைக் கலந்து குடித்துப் பார்த்தால் எந்த அளவு பிடிக்கிறது என்று தெரியும். ஆனால் அந்த கிளாஸில் இனிப்பு இருக்கும், பாத்திரத்தில் இருக்காது.

எவ்வளவு நாள் வைத்துக் குடிக்கலாம்?

மாம்பழம், அன்னாசி, கொடித்தோடை மூன்றும் அடைத்து மூன்று கிழமையில் குடிக்கத் தயார், இரண்டு மூன்று மாதத்தில் வாசம் மங்கத் தொடங்கும். செரி போட்ட ஸ்டவுட், புளிப்பு பியர் வகைகள் ஒரு வருடம்கூடத் தாங்கும். தைப்பொங்கலுக்குக் கொடுக்க வேண்டும் என்றால் நவம்பர் நடுவில் காய்ச்சுங்கள், ஆடியில் காய்ச்சி ஒளித்து வைக்க வேண்டாம்.